ஓவர்டிரைவ் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

போன மாதம் சித்தி மகன் தொலைபேசியில் அழைத்தான். 1971ஆம் ஆண்டு டிரையம்ஃப் டிஆர்6 ஒன்று வாங்கியிருக்கிறான். பல நாள் கனவு. குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. "அண்ணா, நீங்க உங்க எம்ஜிபிக்கு ஊத்துற கியர்பாக்ஸ் ஆயிலையே நானும் வாங்கிடட்டுமா? ரெண்டும் ஓவர்டிரைவ் வண்டிதானே?"

ஓவர்டிரைவ் என்பது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கக் கியர்பாக்ஸின் பின்னால் மாட்டும் கூடுதல் கியர் கருவி. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்று விளக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. அன்று முன்னும் பின்னுமாகச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டி வாங்குகிற எல்லோருக்கும் முதல் ஆறு மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கடையில் கேட்டால் ஒரு பதில், பக்கத்து வீட்டில் அதே வண்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் வேறொரு பதில் கிடைக்கும். இரண்டு பேருமே உறுதியாகச் சொல்வார்கள்.

என்னுடையது 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி. ஆபிங்டனில் செய்தது. 1798 சிசி எஞ்சின், நான்கு கியர், அவற்றில் முதல் கியருக்கு சின்க்ரோ (கரகரப்பில்லாமல் கியர் விழ, சுழற்சி வேகங்களை உரசிச் சமன்செய்யும் வளையம்) கிடையாது. பின்னால் லேகாக் டி-டைப் ஓவர்டிரைவ். டாஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்சைத் தட்டினால் மூன்றாவது, நான்காவது கியர்களில் ஓவர்டிரைவ் விழும். எஞ்சின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 70 மைல் வேகத்தில் 3,900 ஆக இருந்த சுழற்சி 3,100 பக்கம் இறங்குகிற அந்தக் கணம், நெடுஞ்சாலையில் அந்த வண்டியை ஓட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த கணம். சத்தம் அடங்கும், வண்டி மூச்சு விடும். அதைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஆயில்தான்.

ஓவர்டிரைவுக்கும் ஆயிலுக்கும் என்ன உறவு?

சாதாரண கியர்பாக்ஸில் ஆயிலுக்கு உள்ள வேலை நேரானது: பற்களுக்கு நடுவே படலமாக நிற்க வேண்டும், பேரிங்கை நனைக்க வேண்டும், சூட்டை எடுத்துச் செல்ல வேண்டும். லேகாக் ஓவர்டிரைவ் அப்படி இல்லை. ஷெஃபீல்டில் இருந்த லேகாக் நிறுவனத்துக்காக டி நார்மன்வில் வடிவமைத்த இந்தக் கருவி கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டு, அதே ஆயிலைப் பகிர்ந்துகொள்கிறது. தனித் தொட்டி கிடையாது. கியர்பாக்ஸில் நீங்கள் எதை ஊற்றினாலும் அது ஓவர்டிரைவுக்கும் போகும்.

அங்கே போன ஆயில் என்ன செய்கிறது? கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டில் உள்ள ஒரு கேம், சின்ன பிளஞ்சர் பம்பை மேலும் கீழுமாக இயக்குகிறது. அந்தப் பம்ப் ஆயிலை உறிஞ்சி, சதுர அங்குலத்துக்குச் சில நூறு பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றி வைக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் சோலினாய்டு (மின்சாரம் பாய்ந்ததும் அசையும் காந்தக் கருவி) ஒரு வால்வைத் திறக்க, அந்த அழுத்தம் இரண்டு பிஸ்டன்களைத் தள்ளும். பிஸ்டன்கள் ஒரு கூம்பு கிளட்சை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, நிலையாக நிற்கும் வளையத்தில் அழுத்திப் பிடிக்கும். அதனால் நடுவில் இருக்கும் சூரியச் சக்கரம் நின்றுபோக, கிரகச் சக்கரங்கள் வெளி வளையத்தை வேகமாகச் சுழற்றும். அதுதான் ஓவர்டிரைவ்.

ஆக, ஒரே ஆயில் இங்கே மூன்று வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. பற்களுக்கு அது மசகு. பம்புக்கும் பிஸ்டனுக்கும் அது ஹைட்ராலிக் திரவம். மூன்றாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: சின்க்ரோ வளையமும் கூம்பு கிளட்சும் தத்தம் இடத்தில் உரசிப் பிடிக்கும்போது ஆயில் வழிவிட வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் உராய்வு வேண்டும். வழுக்கிக்கொண்டே இருந்தால் கியர் கரகரக்கும், ஓவர்டிரைவ் நழுவும். எவ்வளவுக்கு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுக்கு நல்லது என்கிற நம்பிக்கை இந்தக் கியர்பாக்ஸில் செல்லாது. எம்ஜியைச் செய்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் கையேடுகள் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களை ஓவர்டிரைவ் வண்டியில் சேர்க்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கடையில் சின்னப் புட்டியில் விற்கும் "கியர்பாக்ஸ் டானிக்" எதையும் இந்த வண்டிகளுக்கு வாங்காதீர்கள்.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கியர் ஆயிலில் 90 என்று போட்டிருக்கும், எஞ்சின் ஆயிலில் 50 என்று போட்டிருக்கும். 90 என்பது 50-ஐ விட இரு மடங்கு கெட்டி என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் எஸ்ஏஇ 50 எஞ்சின் ஆயிலின் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம். எஸ்ஏஇ 90 கியர் ஆயில் இன்றைய வரையறைப்படி 13.5 முதல் 18.5 வரை. சூடானபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில் 9.3 முதல் 12.5 வரை, அதாவது எஸ்ஏஇ 80 அல்லது 85 கியர் ஆயிலுக்குப் பக்கத்தில் வரும்.

"எஞ்சின் ஆயில் ரொம்ப நீர்த்தது, கியர் தாங்குமா?" என்று என் வண்டியைப் பார்த்த எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தாங்கும். 1959-இல் வந்த மினியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். எஞ்சின் ஆயிலில் கியர் ஓடும் என்பது பிஎம்சியின் அன்றாட நடைமுறை. கெட்டியைப் பொறுத்தவரை எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் உறவுக்காரர்கள். வேறுபாடு அவற்றில் கலந்திருக்கும் வேதிப்பொருளில்தான்.

20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்

என் வண்டிக்குக் கையேடு சொல்வது இந்த வகையைத்தான்: எஞ்சினுக்கு ஊற்றுவதையே கியர்பாக்ஸுக்கும் ஊற்று. மூன்று சின்க்ரோ உள்ள எம்ஜிபிக்கும், ஆஸ்டின்-ஹீலி 3000-க்கும் தயாரிப்பாளர் எஞ்சின் ஆயிலைச் சொன்னதற்குக் காரணம் மேலே பார்த்த மூன்று வேலைகள்தான். எஞ்சின் ஆயிலில் நுரையடக்கி இருக்கும். பம்ப் நுரையை உறிஞ்சினால் அழுத்தம் ஏறாது, ஏனென்றால் காற்று அமுங்கிவிடும். அழுக்கைப் பிடித்து மிதக்க வைக்கும் குணமும் அதில் இருக்கும். செம்பு கலந்த உலோகங்களைக் கடிக்கும் கந்தகம் இருக்காது. என் கியர்பாக்ஸுக்குள் சின்க்ரோ வளையங்கள் மட்டுமில்லை, த்ரஸ்ட் வாஷர்களும் புஷ்களும்கூட வெண்கலம். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

குறையும் உண்டு. 20டபிள்யூ-50 பல்தர ஆயில். சூட்டிலும் குளிரிலும் சமாளிக்க அதில் நீண்ட பாலிமர்கள் கலந்திருக்கும். கியர் பற்கள் அவற்றை நறுக்கிவிடும். சில ஆயிரம் மைலில் 50 என்பது கொஞ்சம் இளகிப் போகும். ஆனால் 20-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளி 5-க்கும் 50-க்கும் உள்ளதைப் போல அகலமானது இல்லை. ஆகவே பாலிமர் தேவை குறைவு, நறுங்குவதும் குறைவு. இதனால்தான் "இன்னும் நவீனமானது" என்று நினைத்து 5டபிள்யூ-50 சிந்தடிக் எஞ்சின் ஆயில் ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வு மாற்றி சேர்த்த நவீன எஞ்சின் ஆயிலாக இருக்கக் கூடாது. பழைய வண்டிகளுக்கென்றே விற்கும் மினரல் 20டபிள்யூ-50 நல்லது. மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ தரச் சான்று பெற்ற 20டபிள்யூ-50-ம் இந்தக் கணக்குக்குப் பொருந்தும். பைக்கில் எஞ்சின், கியர், ஆயிலில் மூழ்கிய கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலைக் குடிக்கின்றன, கிளட்ச் நழுவக் கூடாது என்பதற்காகவே அந்தத் தரம் வந்தது. நம் கியர்பாக்ஸின் தேவையும் கிட்டத்தட்ட அதுவே.

ஒற்றைத் தர எஸ்ஏஇ 30

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹீலிக்காரர்கள் பலர் இன்றும் இதையே ஊற்றுகிறார்கள், கையேட்டிலும் இதுவே இருக்கிறது. பாலிமர் இல்லாததால் நறுங்கவும் வழியில்லை. குளிர்ந்த காலையில் கியர் எளிதாக விழும். தேய்ந்த பம்ப் உள்ள வண்டியில், கோடைக்கால நெடும்பயணத்தில், ஆயில் சூடாகி இளகியதும் ஓவர்டிரைவ் தானாக விட்டுவிடலாம். பம்பும் வால்வுகளும் சரியாக இருந்தால் எஸ்ஏஇ 30 போதும். எனக்கு 20டபிள்யூ-50 பிடித்திருப்பதற்குக் காரணம், எஞ்சினுக்காக எப்படியும் ஒரு பெரிய டப்பா வீட்டில் இருக்கிறது என்பதுதான்.

இபி 80டபிள்யூ-90, ஜிஎல்-4

தம்பியின் டிஆர்6 இங்கேதான் வருகிறது. கவென்ட்ரியில் டிரையம்ஃப்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் சேர்த்து ஹைப்பாய்ட் 90 வகை கியர் ஆயிலையே சொன்னார்கள். டிஆர்6-இல் இருப்பது லேகாக்கின் ஏ-டைப், 1973 வாக்கிலிருந்து ஜே-டைப். ஸ்பிட்ஃபயரில் முதலில் டி-டைப், பிறகு ஜே-டைப். கவனியுங்கள்: என் எம்ஜிபியில் உள்ள அதே டி-டைப் ஓவர்டிரைவ், ஸ்பிட்ஃபயரில் கியர் ஆயிலில் ஓடியிருக்கிறது. "ஓவர்டிரைவ் இருந்தால் கியர் ஆயிலே கூடாது" என்று சிலர் அடித்துச் சொல்வது இதனால் சரியில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஸ்பிட்ஃபயர் அவ்வளவு தூரத்துச் சொந்தமும் இல்லை. சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நினைவிருக்கும். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்து உருவானதுதான் ஸ்பிட்ஃபயர். லேகாக் ஓவர்டிரைவை முதலில் பெற்ற கார் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு. அந்த வேன்கார்டையும் சென்னையில் பூட்டியிருக்கிறார்கள்.

ஜிஎல் எண் என்பது கியர் ஆயில் எந்த வேலைக்கானது என்பதைச் சொல்லும் பிரிவு. ஜிஎல்-4 ஆயிலில் மிகை அழுத்தத்தைத் தாங்கும் (இபி) கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் மிதமாக இருக்கும். பற்கள் பலமாக அழுந்தும் இடத்தில் அது உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கும். டிஆர்6-இன் ஆறு சிலிண்டர் 2.5 லிட்டர் எஞ்சின் நல்ல முறுக்கு உள்ளது. ஏ-டைப் வண்டியில் ஓவர்டிரைவ் இரண்டாவது கியரிலும் வேலை செய்யும். அதனால் இந்தக் காப்பு அங்கே வீணில்லை. கையேடு சொன்னது, அரை நூற்றாண்டாக ஓடியும் காட்டியது. நான் அவனிடம் உறுதியாகச் சொன்னது இதுதான்: மினரல் 80டபிள்யூ-90, ஜிஎல்-4 மட்டும்.

"மட்டும்" என்று அழுத்திச் சொல்லக் காரணம் அடுத்த டப்பா.

ஜிஎல்-5: டிஃபரென்ஷியலுக்கு நல்லது, இங்கே வேண்டாம்

கடையில் போய் "கியர் ஆயில்" என்று கேட்டால் பெரும்பாலும் ஜிஎல்-5 ஆயிலை எடுத்துக் கொடுப்பார்கள். நான்கை விட ஐந்து பெரியது, அதனால் மேல் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த எண்கள் மதிப்பெண்கள் இல்லை, வேலைப் பிரிவுகள். ஜிஎல்-5 பின் அச்சில் உள்ள ஹைப்பாய்ட் கியருக்காக உருவானது. அங்கே பற்கள் உருளுவதோடு பெரும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. அதனால் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

டிஃபரென்ஷியலில் பெரும்பாலும் எஃகுதான். கியர்பாக்ஸில் பித்தளையும் வெண்கலமும் இருக்கின்றன. சூட்டில் வினைத்திறன் உள்ள கந்தகம் செம்புக் கலவைகளைக் கறுக்க வைக்கும், மெல்ல அரிக்கும். எல்லா ஜிஎல்-5 ஆயிலும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. செம்புப் பட்டைச் சோதனையில் நன்றாகத் தேறும் ஜிஎல்-5 ஆயில்களும் உண்டு. ஆனாலும் சின்க்ரோ விஷயம் மிச்சம் இருக்கிறது. அந்தச் சேர்மானத்தின் வழவழப்பு, வளையம் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் செய்யலாம்.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் எம்ஜிபியை வாங்கியபோது, முந்தைய உரிமையாளர் ஒரு பணிமனையில் விட்டு எல்லா ஆயிலையும் மாற்றியிருந்தார். ரசீதில் கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-5 சிந்தடிக் என்று இருந்தது. விலை உயர்ந்த ஆயில். கெட்ட எண்ணத்தில் யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போதெல்லாம் கரகரப்பு. ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டி மூன்று விநாடி காத்திருக்க வேண்டும், அதுவும் பிடிக்கும்போது ஒரு வழுக்கலோடு பிடிக்கும்.

வடித்து எடுத்தேன். ஓவர்டிரைவ் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். 20டபிள்யூ-50 ஊற்றினேன். முதல் ஐம்பது மைலுக்குள் இரண்டாவது கியர் அடங்கியது. ஓவர்டிரைவ் இப்போது ஒரு விநாடிக்குள் விழுகிறது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஓவர்டிரைவ் சரியானதில் வடிகட்டியைக் கழுவியதற்கும் பங்கு இருக்கும், எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது கியரின் சின்க்ரோவுக்கும் அந்த வடிகட்டிக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே மாறியது ஆயில் ஒன்றுதான்.

டப்பாவில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் அதை ஜிஎல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிந்தடிக் ஜிஎல்-4

75டபிள்யூ-90 சிந்தடிக்கிலேயே ஜிஎல்-4 மட்டும் என்று வருபவை உண்டு. சின்க்ரோவுக்கு வேண்டிய உராய்வைக் கணக்கில் வைத்து, பித்தளையைக் கடிக்காதபடி செய்தவை. குளிர்காலக் காலையில் இவற்றின் அருமை தெரியும். கெட்டி ஆயிலில் முதல் இரண்டு மைல் கியர் போராடும், இதில் அந்தப் போராட்டம் இல்லை. ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

ஓவர்டிரைவ் இருந்தால் கொஞ்சம் தயங்குகிறேன். எத்தனையோ பேர் இதே ஆயிலில் நல்லபடியாக ஓட்டுகிறார்கள் என்பது தெரியும். ஆனால் கூம்பு கிளட்சின் உராய்வுப் பட்டை அந்தக் காலத்து பிரேக் லைனிங் மாதிரியான பொருள். அதை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது அன்றைய மினரல் ஆயில். புதிதாகப் பட்டை மாற்றி, சீல்கள் எல்லாம் புதுசாகப் போட்ட ஓவர்டிரைவில் இதைப் பரிசோதிக்கலாம். அறுபது வயதான, எப்போது திறந்தார்கள் என்றே தெரியாத ஓவர்டிரைவில் வேண்டாம். பழைய சீல்களில் கசிவும் கூடலாம். விலையும் அதிகம். என் வண்டிக்கு மூன்று லிட்டர் பிடிக்கும். ஆயில் பிடிக்கவில்லை என்று திரும்ப வடிக்க நேர்ந்தால் அது அத்தனையும் நஷ்டம்.

ஏடிஎஃப்?

இந்தக் கேள்வியும் அடிக்கடி வரும், ஏனென்றால் பிற்கால மேனுவல் கியர்பாக்ஸ் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவத்தையே சொல்லியிருக்கிறார்கள். அவை அதற்கென்று வடிவமைத்தவை. 1960-களின் எம்ஜிபி, டிஆர், ஹீலி பெட்டிகளுக்கு அது மிக நீர்த்தது, பல ஏடிஎஃப் வகைகளில் உராய்வு மாற்றியும் இருக்கும். வேண்டாம், அவ்வளவுதான்.

வோல்வோ தரும் சாட்சி

எந்த ஆயில் என்ற வாதம் சூடாகும்போதெல்லாம் நான் வோல்வோவைத்தான் எடுத்து வைப்பேன். 1800 கூப்பே, அமேசான் வண்டிகளில் எம்40 என்றொரு நான்கு கியர் பெட்டி இருந்தது. அதே பெட்டிக்கு வாலில் லேகாக் ஓவர்டிரைவை மாட்டினால் பெயர் எம்41. கியர்கள் அவையே. ஆனால் ஓவர்டிரைவ் இல்லாத எம்40-க்கு வோல்வோ சொன்னது எஸ்ஏஇ 80 கியர் ஆயில். ஓவர்டிரைவ் உள்ள எம்41-க்குச் சொன்னது எஸ்ஏஇ 30 அல்லது 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில்.

ஒரே நிறுவனம், ஒரே பெட்டி. வாலில் ஒரு கருவி சேர்ந்ததும் ஆயில் மாறுகிறது. ஓவர்டிரைவின் ஹைட்ராலிக் தேவைக்கு வோல்வோ பொறியாளர்கள் முன்னுரிமை கொடுத்தார்கள். டிரையம்ஃப் பொறியாளர்களோ கியர் ஆயிலிலேயே ஓவர்டிரைவை ஓட வைத்தார்கள். இரண்டும் வேலை செய்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, லேகாக் கருவி நாம் பயப்படும் அளவுக்கு அடம்பிடிக்கும் கருவி இல்லை என்பது. அதே நேரம், முழுப் பெட்டியையும் கணக்கில் வைத்து முடிவெடுத்தவர்கள் அந்தந்த வண்டியைச் செய்தவர்களே. அதனால் உங்கள் வண்டியின், உங்கள் ஆண்டின் கையேட்டைத் திறப்பதுதான் முதல் வேலை. எம்ஜிபியிலேயே 1967-இன் இறுதியில் நான்கு சின்க்ரோ பெட்டியும் எல்ஹெச்-டைப் ஓவர்டிரைவும் வந்துவிட்டன. என் 1966 வண்டிக்கான பேச்சை 1975 வண்டிக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

ஆயிலால் தீராதது

தம்பி கேட்டான்: "சூடானதும் ஓவர்டிரைவ் விட்டுப் போகுதுண்ணா. இன்னும் கெட்டி ஆயில் ஊத்தினா நிக்குமா?"

சில நாள் நிற்கும். தேய்ந்த பம்பிலும் வால்விலும் கசிகிற அழுத்தத்தைக் கெட்டி ஆயில் கொஞ்சம் தடுத்து வைக்கும். அது நோயை மறைப்பது, தீர்ப்பது இல்லை. முதலில் மின்சாரப் பக்கம் பாருங்கள். சோலினாய்டுக்கு முழு வோல்ட் வருகிறதா, கியர்பாக்ஸ் மேல் உள்ள தடுப்பு சுவிட்ச் வேலை செய்கிறதா, எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா. ஓவர்டிரைவ் பழுது என்று சொல்லிக் கழற்றிய எத்தனையோ பெட்டிகளில் உண்மையான குற்றவாளி ஒரு சுவிட்சும் வயரும்தான். அதற்குப் பிறகு வடிகட்டி. அதற்கும் பிறகுதான் பம்ப், வால்வு, சீல்.

இன்னொன்று, இது உயிர்நாடியான விஷயம். ஓவர்டிரைவ் விழாவிட்டால் பயணம் கெடாது, சாதாரண நான்காவது கியரில் வீடு வந்து சேரலாம். ஆனால் விழுந்த ஓவர்டிரைவ் விடாமல் பிடித்துக்கொண்டால் ரிவர்ஸ் கியர் போடவே கூடாது. உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் எதிர்ப்பக்கம் சுழல முடியாமல் நொறுங்கும். வால்வில் உள்ள மெல்லிய துளை அழுக்கால் அடைபட்டால் அழுத்தம் இறங்காமல் இப்படி நேரலாம். ஆயிலைச் சுத்தமாக வைத்திருக்க நான் இவ்வளவு வலியுறுத்துவது அந்தத் துளைக்காகத்தான். எந்தப் பிராண்டு என்பதை விட, ஊற்றிய ஆயில் எவ்வளவு நாளாக உள்ளே இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

மாற்றும் நாளில்

வண்டியை இருபது மைல் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சமதளத்தில், நல்ல தாங்கிகளின் மேல் ஏற்றுங்கள். வடிக்கும் முன் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். டிஆர்6-இல் பக்கவாட்டு பிளக், பல ஆண்டு திறக்காமல் இறுகிப்போயிருக்கலாம். கீழே வடித்துவிட்டு, மேலே திறக்க முடியாமல் நிற்பது பெரிய சங்கடம். என் எம்ஜிபியில் கார்பெட்டுக்குக் கீழே, டனல் மேல் ஒரு ரப்பர் மூடி. அதற்குள் டிப்ஸ்டிக். ஊற்றுவதும் அதே வழியில், நீண்ட குழாய் மாட்டிய புனல் வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு ஒரு வடிகால் பிளக், ஓவர்டிரைவுக்கு ஒன்று. இரண்டையும் திறக்க வேண்டும். ஓவர்டிரைவ் பிளக்கைச் சுற்றியுள்ள இடத்தை முதலில் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். உள்ளிருந்து வரும் வலை வடிகட்டியைப் பெட்ரோலில் கழுவி, காற்றில் உலர விடுங்கள். நூல் உதிரும் துணியால் துடைக்காதீர்கள், ஒரு நூலிழை போதும் பந்து வால்வு சரியாக உட்காராமல் போக. வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய பொன்னிறப் பளபளப்பு என்றால் சின்க்ரோ வளையம் தேய்கிறது, இந்த வயதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். எஃகுச் சில்லு கிடந்தால் அடுத்த பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஊற்றி முடித்து மட்டம் சரியாகக் காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஓவர்டிரைவ் இன்னும் தன் பங்கைக் குடிக்கவில்லை. இரண்டு மூன்று மைல் ஓட்டி, ஓவர்டிரைவைப் பல தடவை போட்டு எடுத்து, வந்து நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி மட்டம் பார்த்துக் குறைவதை ஊற்றுங்கள். அதிகமாகவும் ஊற்றாதீர்கள், கசிந்து கிளட்ச் தட்டை நனைக்கும்.

தம்பி போன ஞாயிறு இதைச் செய்தான். மூன்று லிட்டர் ஜிஎல்-4 மினரல் 80டபிள்யூ-90 வாங்கியிருந்தான். வடிகட்டியில் கறுப்புக் களிம்பு படிந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பினான். ஓட்டிப் பார்த்துவிட்டு மாலையில் அழைத்தான். சூட்டில் ஓவர்டிரைவ் விடுவது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வோல்ட் மீட்டரோடு போகிறேன், சோலினாய்டு வயரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம்.